நல்ல நேரம் முடிவதற்குள் லினக்ஸ்

செப்டம்பர் 27, சனி

இன்று காலை மையத்துக் கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரை முழுக்க ஓர் அறிவிப்பு. அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குப் பராமரிப்பு நின்றுவிடுமாம். புது விண்டோஸுக்கு மாறிக்கொள்ளச் சொன்னது. சரி, மாறுவோம் என்று அழுத்தினால், இந்தக் கம்ப்யூட்டருக்கு அதற்கான தகுதி இல்லை என்று அடுத்த அறிவிப்பு. விருந்துக்குக் கூப்பிட்டு வாசலில் நிறுத்துவது என்பது இதுதான்.

வெண்ணந்தூரில் எங்கள் சமூகத்துத் திருமணத் தகவல் மையம் என்பது மண்டபத்து மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், செயலாளராகிய நான். கம்ப்யூட்டருக்குள் 1,143 ஜாதகங்கள். பையன்கள் 902. பெண்கள் 241. இந்த இரண்டு எண்ணைப் பார்த்தாலே எங்கள் ஊர்ப் பையன்களின் நிலைமை விளங்கிவிடும்.

அதில் ஏழாம் எண் என் மகன் மோகன்குமார். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் மேனேஜர். ஆறு வருடத்துக்கு முன் இந்தப் பதவிக்கு நானே கையைத் தூக்கினேன். சமூக சேவை என்று மேடையில் காரணம் சொன்னேன். இங்கே எதற்குப் பொய்? வருகிற பெண் ஜாதகம் முதலில் என் கண்ணில் படட்டும் என்றுதான். ஆறு வருடமாகப் பட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் மோகனுக்கு அந்த வழியும் அடைபடும்.

செப்டம்பர் 29, திங்கள்

ராசிபுரத்தில் பிரபாவின் கடைக்குப் போனேன். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து கல்யாணமாகி வந்த பெண். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதில் இந்தப் பக்கத்தில் பெயர் எடுத்தவள். மிஷினின் வயதைக் கேட்டாள். பதினொன்று என்றேன். புது விண்டோஸ் இதில் ஏறாது, லினக்ஸ் போட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓடும், அதுவும் இனாம் என்றாள்.

இனாம் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ‘எங்களுக்கு எதுவும் வேண்டாம்’ என்று சொன்னால்கூட, பையனுக்கு என்ன கோளாறு என்று விசாரிக்கிற ஊர் இது.

விண்டோஸை எடுக்காமலே லினக்ஸைப் பார்த்துப் பழக ஐந்து வழி இருக்கிறதாம். துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். “ஒவ்வொண்ணா பாருங்க சார். நாலு வழியில ஒண்ணும் ஆகாது. கடைசி ஒண்ணுக்கு மட்டும் எல்லாத்தையும் காப்பி எடுத்து வச்சுக்கிட்டு என்னைக் கூப்பிடுங்க.”

நகல் இருக்கிறது என்றேன் பெருமையாக. ஆடிப்பெருக்கன்று எடுத்தது. அன்றைக்குச் செய்தது பெருகும். பென்டிரைவில் போட்டு, பூஜை அறையில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மையத்தில் கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்டேப்ளர், வீட்டில் மோகனின் பழைய ஹெல்மெட், இரண்டு பென்டிரைவ் எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்காரி வள்ளியாத்தாள் சந்தனம் குங்குமம் வைத்தாள். ஒரு பென்டிரைவில் ஜாதகங்களின் நகல். இன்னொன்றில் மச்சினன் புதுவீடு குடிபோன புண்ணியார்ச்சனைப் படங்கள். அவளுக்குத் தெய்வ காரியம் என்றால் கை தாராளம். நான் எழுதி ஒட்டிய பெயரே தெரியாத அளவுக்கு அப்பியிருந்தாள்.

அக்டோபர் 3, வெள்ளி

முதல் வழி: இணையத்தில் ஒரு பக்கம். உள்ளே போனால் லினக்ஸ் ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்று எங்கோ தூர தேசத்தில் இருக்கிறது. அதை இங்கிருந்தே தொட்டுப் பார்க்கலாம். மவுஸை இங்கே அசைத்தால், அம்பு யோசித்துவிட்டு அங்கே அசைகிறது.

லினக்ஸ் ஒன்றல்ல என்பது இன்றுதான் தெரிந்தது. நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒருவர் ஆரம்பிக்கிறார், இன்னொருவர் கருத்து வேறுபாட்டில் பிரிந்துபோய் வேறு பெயரில் ஆரம்பிக்கிறார். இது எனக்குப் பழகிய விஷயம். நம் சமூகத்துக்கே இந்த ஒன்றியத்தில் நாலு சங்கம்.

அக்டோபர் 6, திங்கள்

இரண்டாம் வழி: விண்டோஸுக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதற்குள் லினக்ஸைக் குடி வைப்பது. நாலு ஜி.பி. ரேமில் பாதியை அதற்குப் பிரித்துக் கொடுத்தேன். அண்ணன் தம்பி பாகம் பிரித்த கதைதான். இரண்டு பேருக்கும் பற்றவில்லை, இரண்டு பேரும் நகரவில்லை. கம்ப்யூட்டருக்குள் காற்றாடி போட்ட சத்தத்தில் கீழே மண்டபத்தைக் கூட்டுகிற குஞ்சம்மாள், கிரைண்டர் வாங்கியிருக்கிறோமா என்று வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 8, புதன்

மூன்றாம் வழி: விண்டோஸிடமே ஒரு கட்டளை கொடுத்தால், லினக்ஸை அது தன் மடியில் உட்கார்த்திக்கொள்ளும். ஆனால் படம் கிடையாது. கறுப்பு ஜன்னல், வெள்ளை எழுத்து. நாம் ஒன்று எழுதினால் அது ஒன்று எழுதும்.

தலைவர் சரவணக்குமார் அந்த நேரம் பார்த்து மேலே வந்தார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர். கறுப்புத் திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. யாருடைய ஜாதகத்தையாவது திருடுகிறேனா என்று கேட்டார். நம் செயலாளரையே நாம் நம்பவில்லை என்றால் எப்படி என்று நானும் கோபித்துக்கொண்டேன். திருடுகிற அளவுக்கு இங்கே எந்தப் பையன் ஜாதகம் இருக்கிறது?

அக்டோபர் 11, சனி

நாலாம் வழிதான் வழி! பென்டிரைவில் லினக்ஸைப் போட்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் திறப்பது. உள்ளே இருக்கிற விண்டோஸை அது தொடவே தொடாது.

பூஜை அறையிலிருந்து பென்டிரைவை எடுத்துக்கொண்டு பிரபாவிடம் போனேன். இதில் ஏதாவது இருக்கிறதா, எழுதினால் எல்லாம் அழிந்துவிடும் என்று கேட்டாள். இரண்டு முறை கேட்டாள். புண்ணியார்ச்சனைப் படம்தான், மச்சினனிடம் இருக்கிறது என்றேன். திறந்து பார்த்துவிடலாமா என்றாள், அதெல்லாம் வேண்டாம் என்றேன். சொருகுகிற முனையில் மட்டும் சந்தனத்தைத் துடைத்துவிட்டு எழுதிக் கொடுத்தாள்.

மாடியில் வந்து சொருகினேன். என்ன வேகம்! பதினொரு வயது மிஷின் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ஓடியது. பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுத் திறந்தால் பழைய விண்டோஸ், ஒன்றும் நடக்காத மாதிரி. பெண் பார்க்கப் போய் பஜ்ஜி தின்றுவிட்டு, ‘ஊருக்குப் போய்ச் சொல்கிறோம்’ என்று எழுந்து வருவதைப் போல. அதில் எங்களுக்கு நல்ல அனுபவம் உண்டு.

ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிக்கொள்வதற்கு நாலு வழியில் பழகிப் பார்க்கிறேன். மோகனுக்கு நாங்கள் கொடுத்தது ஒரு காபி நேரம்.

அக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸுக்குக் கெடு இன்றைக்கு. காலையிலிருந்து எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

ஐந்தாம் வழி மிச்சம்: ஹார்ட்டிஸ்கில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸையும் நிரந்தரமாகக் குடிவைப்பது. திறக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். இதைப் பழகிப் பார்த்துவிட்டுத் திரும்பி வர முடியாது. அதனால் பூக்கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஜேடர்பாளையம் பக்கம் எங்கள் குலதெய்வம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. கிணறு வெட்டவும் சம்பந்தம் பேசவும் கேட்பதுதான். கம்ப்யூட்டருக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பூசாரி என்ன காரியம் என்றார். ‘நல்ல காரியந்தானுங்க’ என்றேன்.

வெள்ளை வந்தது.

பக்கத்தில் நின்ற வள்ளியாத்தாள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். மோகனுக்குத்தான் ஏதோ இடம் பார்த்து வைத்துப் பூக்கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வருடத்தில் கோயிலில் வைத்து அவள் என் கையைப் பிடித்ததில்லை. லினக்ஸ் என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மோகன் வந்தான். நாலு முறுக்கு, மூன்று வார்த்தை.

அக்டோபர் 24, வெள்ளி

எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரமாகிறது. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலண்டரில் இன்றைக்கு நல்ல நேரம் 9.15 முதல் 10.15 வரை. பத்தரைக்கு ராகு காலம். மோகன் ஜாதகம் இருக்கிற பெட்டிக்குப் புது ஆரம்பம் என்று சொல்லி வள்ளியாத்தாளையும் கூட்டிப்போனேன். அவள் சூடம் காட்டினாள். பிரபா கடை பத்தரைக்குத்தான் திறக்கும். என்னைக் கூப்பிடுங்கள் என்றுதான் சொல்லியிருந்தாள். ராகு காலத்தில் வருகிறவளை எப்படிக் கூப்பிடுவது? நானே ஆரம்பித்தேன்.

மொழி கேட்டது. தமிழ் என்றேன். விசைப்பலகை கேட்டது. ஊர் கேட்டது, கொல்கத்தா என்று அதுவே சொல்லிக்கொண்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐந்து நிமிடம் யோசித்தது. பத்து பத்துக்கு அந்தப் பக்கம் வந்தது. ‘விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு’ என்ற வரி இருக்கும், அதைத் தொடு என்று காகிதத்தில் இருக்கிறது. திரையில் அந்த வரியைக் காணோம். இருந்தது இரண்டே வரி. ‘வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு.’ ‘வேறு ஏதாவது.’

வேறு ஏதாவது என்றால் என்ன? யாரைக் கேட்பது?

“ஏனுங்க, ரெண்டு நிமிசந்தான் இருக்குது” என்றாள் வள்ளியாத்தாள். கையில் கிழித்த காலண்டர் தாள்.

எல்லாக் கோப்புகளும் போய்விடும், சம்மதமா என்று அது கேட்கத்தான் கேட்டது. நகல்தான் இருக்கிறதே. அம்மன் வெள்ளைப் பூ கொடுத்திருக்கிறாளே. 10.14-க்கு அழுத்தினேன்.

லினக்ஸ் அருமையாக ஏறியது. மத்தியானம் வீட்டுக்கு வந்து பூஜை அறையிலிருந்து நகலை எடுத்துப்போய்ச் சொருகினேன். மச்சினன் வீட்டு வாசலில் வாழைமரம். பால் பொங்குகிறது. மச்சினன் சிரிக்கிறான். 214 படம், அத்தனையும் புண்ணியார்ச்சனை.

அப்படியானால் பிரபாவிடம் கொடுத்து அழித்தது எது? அதுதான். அதேதான். சந்தனத்துக்கு அடியில் பேரு எழுதியிருந்துச்சே, ஒரு விரலால தொடச்சுப் பாக்க மாட்டியாடா மடையா! நகலையும் அழிச்சு, அந்த நகல வெச்சே மூலத்தையும் அழிச்சு, அதுவும் நல்ல நேரத்துல!

1,143 பேர். ஒருத்தர் இல்லை.

அக்டோபர் 25, சனி

பிரபா காலையிலிருந்து சாயங்காலம் வரை ஹார்ட்டிஸ்கைத் தோண்டினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. விண்டோஸை முழுதாக மூடாமல் அணைத்திருந்தால் அந்த ‘பக்கத்தில்’ வரி வராது, ஒரு ஃபோன் போட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று மட்டும் சொன்னாள்.

கிடைத்தது 600 சொச்சம் முகங்கள். படங்கள் மட்டும். பெயர் இல்லை, ஊர் இல்லை, நட்சத்திரம் இல்லை. எல்லாப் பையன்களும் அதே நீலச் சட்டை போட்டு, அதே ஸ்டூடியோ திரைக்கு முன்னால் நிற்கிறார்கள். ஆறு வருடம் பார்த்த முகங்கள்தான். யார் யாரென்று எனக்கு ஒருவனைத் தவிரத் தெரியவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

தலைவரிடம் உள்ளதைச் சொன்னேன். ராஜினாமாக் கடிதமும் கொண்டுபோனேன். அவர் கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, சொன்னதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். சாயங்காலம் சமூகத்து வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்துவிட்டது: நமது மையம் உலகத் தரமான லினக்ஸுக்கு உயர்த்தப்பட்டுள்ளதால், அனைவரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து விவரங்களைப் புதிதாகப் பதியவும். கூடவே என் படம், மாலையோடு. போன வருடம் பொன்னாடை போர்த்தியபோது எடுத்தது. 87 பேர் கட்டை விரல் காட்டியிருக்கிறார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

மண்டபத்துப் படிக்கட்டு வரை கூட்டம். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேர் நேரத்துக்கு வந்ததில்லை.

படிவத்தை வாங்கித் தட்டிக்கொண்டே வந்தேன். மத்தியானத்துக்கு மேல்தான் உறைத்தது. போன மாதம் வரை முப்பத்தெட்டு வயதாக இருந்தவர்கள் முப்பத்தைந்து. முப்பத்தைந்து முப்பத்திரண்டு. ஒரு பையன் தம்பியைவிடச் சின்னவனாகிவிட்டான். தம்பிக்குக் கல்யாணமாகிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. நிலமும் வளர்ந்திருக்கிறது. ரெண்டு ஏக்கர் நாலானது, மானாவாரி மேட்டுக்காடு கிணற்றுத் தோட்டமானது. பழைய கணக்கு அழிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தலைவரின் ரகசியம் படிக்கட்டு இறங்கும் வரைகூடத் தாங்கவில்லை போல.

ஒருவரிடம் கேட்டேவிட்டேன். முன்னே எண்பத்தேழாம் வருடம் என்றல்லவா கொடுத்தீர்கள் என்று. அவர் அசரவில்லை. “அது பழைய விண்டோஸுங்க. இப்பத்தான் சரியாப் போட்டுருக்குதுங்க” என்றார்.

வெட்கம் கெட்ட ஜனங்கள் என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மோகன் படிவத்தை நான்தான் நிரப்ப வேண்டும். பிறந்த தேதி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

இந்த நோட்டில்கூட இதுவரை எழுதாத ஒன்று. மோகன் பிறந்தது 1989 ஆனி. மையத்தில் நான் பதிந்தது 1992. வயதை மட்டும் குறைத்தால் ஜாதகக் கட்டம் ஒத்துவராது என்று, அந்தத் தேதிக்குப் புதிதாகவே ஒரு ஜாதகம் கணித்து வாங்கினேன். அது அசலைவிட அருமையாக அமைந்துவிட்டது. குரு கேந்திரத்தில். ஜோசியரே, பையன் யோகக்காரன் என்றார்.

ஆறு வருடம் பொருத்தம் பார்த்ததெல்லாம் அந்த ஜாதகத்துக்குத்தான். அதாவது, பிறக்கவே பிறக்காத ஒரு பையனுக்கு நான் பெண் தேடியிருக்கிறேன். சர்க்கரை ஆலையில் முப்பத்தோரு வருடம் கரும்பு வண்டிகளுக்கு எடை போட்டேன், ஒரு கிலோ முன்பின் சொன்னதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன் நான்.

படிவம் நிரப்பவில்லை.

நவம்பர் 8, சனி

மோகன் வந்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர், பென்டிரைவ், பூ, கடைசியாக அந்த 1992. வள்ளியாத்தாள் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளைப் பூ எதற்கு என்று அவளுக்கும் இப்போதுதான் தெரியும்.

அந்த 1992 அவனுக்கு முன்னமே தெரியுமாம். போன வருடம் இரண்டு இடம் கூடி வந்து கடைசியில் தட்டிப்போனது. கண் பட்டுவிட்டது என்று நான் பூசணிக்காய் உடைத்தேன். நடந்தது வேறு. அந்தப் பெண்கள் இவனிடம் ஃபோனில் வயதைக் கேட்டிருக்கிறார்கள்.

“கேட்டாங்க, உள்ளதச் சொன்னனுங்கப்பா. மூணு வருசம் கூடங்கறதுக்காக அவிய வேண்டாங்கல. பொய் சொன்ன ஊட்டுக்கு எப்புடி வாரதுன்னு உட்டாங்க.”

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க நெம்ப ஆசையாப் பாத்துட்டு இருந்தீங்க என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவன் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தான்.

படிவத்தை அவனே எழுதினான். 1989. வயது 36. முன்தலையில் முடி கொஞ்சம் குறைவு என்று ‘இதர விவரங்கள்’ என்ற இடத்தில் எழுதினான். அதைக் கேட்கவேயில்லையே என்றேன். நேரில் வந்து பார்க்கத்தானே போகிறார்கள் என்றான்.

வள்ளியாத்தாள் என்னோடு இன்னும் பேசவில்லை.

நவம்பர் 12, புதன்

லினக்ஸ் பழகிவிட்டது. தமிழில் தட்டுவது முன்பைவிடச் சுலபம். பிரிண்டரும் சொன்னபடி கேட்கிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

வள்ளியாத்தாள் பேசினாள். ரசத்துக்கு உப்புப் போதுமா என்று.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று மையத்தில் கூட்டமில்லை. பதினொரு மணிக்கு ஒரு பெண் தனியாகப் படியேறி வந்தாள். எங்கள் மையத்துக்கு அப்பா வருவார், மாமா வருவார், தரகர் வருவார். பெண்ணே வந்து இதுவரை பார்த்ததில்லை. எழுந்து நிற்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்தேன்.

பெயர் சித்ரா. பள்ளிக்கூட ஆசிரியை, முப்பத்துமூன்று வயது. அப்பா இல்லை, அம்மாவால் படியேற முடியாது. தன் படிவத்தைத் தானே நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள். கூடவே பத்தாம் வகுப்புச் சான்றிதழின் நகல். அதை யாரும் கேட்பதில்லையே என்றேன். கேட்க வேண்டும் என்றாள். நாலு இடம் வந்து, நாலிலும் ஏதாவது ஒரு பொய் கடைசி வாரத்தில் வெளியே வந்ததாம்.

பையன்கள் பட்டியலைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். 731 பேர். கொஞ்ச நேரம் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இதுல நெசமான வயசு போட்டவிய எத்தன பேருங்க?”

செயலாளராக இதற்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும். அனைத்தும் சரிபார்க்கப்பட்டவை என்று சுவரில் பலகையே மாட்டியிருக்கிறது.

“ஒருத்தனுக்குத்தானுங்க நான் உறுதி சொல்ல முடியும்” என்றேன். “ஆனா அது எம் பையன். அதனால நீங்க என் பேச்ச நம்ப வேண்டியதில்லைங்க.”

பதிவு எண்ணைக் கேட்டாள். சொன்னேன். திறந்து மேலிருந்து கீழே வரை ஒரு வரி விடாமல் படித்தாள். ‘இதர விவரங்கள்’ வந்த இடத்தில் உதட்டை அழுத்திக்கொண்டாள். அடியில் மோகன் எழுதியிருந்த நம்பரைப் பார்த்துவிட்டு, பைக்குள்ளிருந்து ஃபோனை எடுத்தாள்.

“இந்த நம்பரும் சரியானதுதானுங்களா?”

சரியானதுதானுங்க என்றேன். கீழே மண்டபத்தில் கொஞ்சம் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு, அவள் பேசி முடிக்கட்டும் என்று படியிறங்கி வந்து நின்றுகொண்டேன். முக்கால் மணி நேரம் ஆனது.